தின்னிங் செய்தால் காட்டின் கார்பன் கூடுமா? என் மாடல் குறைவதாகக் காட்டுகிறதே, எங்கே பிழை?

நெருங்கி வளர்ந்த மரங்களில் சிலவற்றை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவதுதான் தின்னிங். அப்படிச் செய்தால் மீதி மரங்கள் மளமளவென்று பருக்கின்றன. அப்படியிருந்தும் காட்டைக் கணினியில் கணக்கிடும் உங்கள் மாடலில் கார்பன் குறைகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் மாடல் சரியாகத்தான் சொல்கிறது.

தின்னிங் நடந்து பல ஆண்டு கழித்து வெட்டிய ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே வர வர வளையங்கள் நெருங்கி, ஒரு கட்டத்தில் எண்ணவே கஷ்டமாக இருக்கும். தின்னிங் நடந்த ஓரிரு ஆண்டில் திடீரென்று அகலமாகிவிடும். பார்க்கிற யாருக்கும் காடே வேகமெடுத்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் வேகமெடுத்தது அந்த மரம் மட்டுமே. ஹெக்டேருக்குக் கிடைக்கும் வெயிலும் தண்ணீரும் கூடவில்லை. முன்பு ஆயிரம் மரங்கள் பங்கிட்டதை இப்போது அறுநூறு மரங்கள் பங்கிடுகின்றன. மொத்த வளர்ச்சி ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். அதிகமாக வெட்டினால் அதுவும் குறையும்.

ஒரு கணக்குக்கு, ஹெக்டேருக்கு 100 டன் கார்பன் இருந்து 30 டன்னை வெட்டினோம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2 டன் வளர்ச்சி என்றால் 20 ஆண்டு கழித்து வெட்டாத காடு 140, வெட்டிய காடு 110. நின்ற மரங்கள் எவ்வளவு பருத்தாலும் அந்த 30 அப்படியே இருக்கிறது. வெட்டாத காட்டில் நெரிசலால் மரங்கள் பட்டுப்போனால்தான் இடைவெளி சுருங்கும்.

நான் ஏமாந்ததும் அங்கேதான். என் முதல் மாடலில் தின்னிங் செய்த காடு 15 ஆண்டிலேயே முந்திவிட்டது. சந்தோஷமாக எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், வெட்டாத காட்டில் பட்டுப்போன மரங்களை நிரல் கணக்கிலிருந்தே நீக்கிக்கொண்டிருந்தது. பட்ட மரத்தின் கார்பன் அன்றைக்கே காற்றுக்குப் போய்விடாது. மரம் நின்றபடியே காயும், பிறகு விழும், மெல்ல மக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் மக்குகிறது என்றாலும் பாதி போக சுமார் 14 ஆண்டு ஆகும். பட்ட மரத்துக்குத் தனிக் கணக்கு வைத்ததும் அந்த வெற்றி காணாமல் போனது. வெட்டிய மரத்தின் வேரும், காட்டிலேயே விட்ட கிளைகளும் இதே கணக்கில்தான் சேர வேண்டும்.

வெட்டி எடுத்துப்போன மரத்தையும் பின்தொடருங்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டியில் உள்ள பொது மதிப்புப்படி அரைவாழ்வு, அதாவது பாதி கார்பன் போக ஆகும் காலம், அறுத்த பலகைக்கு 35 ஆண்டு, ஒட்டுப்பலகை வகைக்கு 25, காகிதத்துக்கு 2. தின்னிங்கில் வருவது பெரும்பாலும் ஒல்லி மரம். அதையெல்லாம் பலகை என்று போட்டால் விடை பொய்யாகிவிடும்.

எத்தனை சதவீத மரங்கள் என்று மட்டும் உள்ளிடாதீர்கள். மரத்தின் எடை விட்டத்தின் ஏறக்குறைய 2.5ஆம் அடுக்கில் ஏறுகிறது. 45 செ.மீ. விட்டமுள்ள மரம் ஒன்றில் 15 செ.மீ. மரங்கள் பதினைந்துக்கும் மேலான கார்பன் இருக்கும். சிறியவற்றை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை பாதியானாலும் கார்பன் இழப்பு சின்னது. எதை எடுக்கிறோம் என்பதிலேயே விடை மாறிவிடும்.

சரி, தின்னிங் காட்டுத்தீயின் சேதத்தைக் குறைக்குமே? வறண்ட, அடிக்கடி எரியும் காட்டில் தின்னிங்குக்கு உள்ள வலுவான நியாயம் இதுதான், நானும் ஏற்கிறேன். ஆனால் தீ வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்து மாடலை ஓட்டக்கூடாது. ஓர் இடத்தில் ஆண்டுக்குத் தீ வரும் வாய்ப்பு 1 சதவீதம், தின்னிங்கின் பலன் 15 ஆண்டு நிற்கும் என்றால், அதற்குள் தீ வர வாய்ப்பு வெறும் 14 சதவீதம். வெட்டிய இழப்போ நூற்றுக்கு நூறு உறுதி. வந்த தீயிலும் பெரிய மரத்தின் தண்டு பெரும்பாலும் எரிவதில்லை. செத்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் தீயைத் தற்செயலாக விட்டு, இரண்டு காட்டுக்கும் ஒரே தீ ஆண்டுகளைக் கொடுத்து, சில நூறு முறை ஓட்டி, வித்தியாசத்தை ஆண்டுவாரியாக வரையுங்கள்.

இதற்காகத் தின்னிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. வறட்சியைத் தாங்கவும், பெரிய மரங்களைத் தீயிலிருந்து காக்கவும் அது தேவைப்படும் காடுகள் இருக்கின்றன. அந்தக் காரணத்தையே சொல்லிச் செய்யலாம்.

உங்கள் மாடலில் பட்ட மரங்கள் எந்தக் கணக்கில் போய்ச் சேர்கின்றன என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.