மாத்திரை தீர்ந்ததும் சிகிச்சை நின்றுவிடுகிறதா? மனநலக் கேள்வி-பதில்

எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தனியார் டாக்டருக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி?

இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் உங்கள் திருச்சியும் ஒன்று. இந்தத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று சுற்றி வரும். மாத்திரை இலவசம். எந்தக் கிழமை, எந்த இடம் என்று கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் கிளம்பினால் ஒரு நாள் கூலி போச்சு.

அம்மா தனியாகப் பேசிக்கொள்கிறார். யாரோ திட்டுவது காதில் கேட்கிறதாம். மனநோய் தீரும் என்று குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்கிறார் அப்பா.

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். மனநோயாளிகளைக் கூட்டிப் போகும் ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா, துவா’ என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன்பு அதே ஊரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். கட்டிப்போடும் இடம் எதுவானாலும் அங்கே அம்மாவை விடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. இன்னொன்று, வயதானவருக்கு இது திடீரென்று நாலைந்து நாளில் வந்திருந்தால், சுகர், ரத்தத்தில் உப்பின் அளவு, காய்ச்சல் எல்லாவற்றையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே மனநோய் ஆகிவிடாது.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் தேறியதும் நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடியும் பழையபடி.

என்னிடம் வருபவர்களில் நிறையப் பேரின் கதை இதுதான். முதல் தடவை யாராவது கூட்டி வந்துவிடுவார்கள். இரண்டாவது தடவைக்கு பஸ் காசு வேண்டும், நூறு நாள் வேலைக்கு மட்டம் போட வேண்டும், வீட்டில் ‘இப்போதான் நல்லா இருக்கியே’ என்பார்கள். இந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நீங்கள் பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள்.

தப்பு உங்களுடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். பி.பி., சுகர் மாத்திரை 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வாசலுக்கே வருகிறது. மனநல மாத்திரைக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் பழைய புலம்பல். செய்ய முடியாத காரியமும் இல்லை. சென்னையின் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. டாக்டர் சென்னையில் இருந்தபடி வீடியோவில் பார்த்தார், மருந்தை பஸ்ஸிலேயே கொடுத்தார்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பழைய சீட்டோடு திரும்பப் போங்கள், திட்டமாட்டார்கள். நிலைமை சீரானதும் இரண்டு மாத மாத்திரையாகத் தர முடியுமா என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது கையில் நிறைய மாத்திரை இருக்கக் கூடாது.

தம்பி அறையை விட்டு வருவதில்லை. டாக்டர் என்றாலே கத்துகிறான். சோற்றில் கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம். தெரிந்துவிட்டால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். 14416க்கு நீங்களே பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழில் பேசலாம், வீட்டார் பேசினாலும் வழி சொல்வார்கள். செத்துவிடுவேன் என்று பேசினால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து எடுத்து வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அன்றைக்கே ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள்.

மனநோய்க்கு ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு. சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு வேண்டும்.

ஊரில் ‘பைத்தியம்’ என்று பேர் வைத்துவிடுவார்களே?

கேட்பவர்களிடம் ‘தூக்கம் வரவில்லை, அதற்காகப் போனேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை.