துளையிட்ட புட்டி: ஓர் உயிரியல் ஆசிரியைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்று சொல்லத்தக்க அறை இல்லை. ஒரே ஒரு நுண்ணோக்கி உண்டு. ஆகவே கற்பித்தல் கருவிகளை நானே செய்கிறேன். சென்ற பருவத்தில் பிளாஸ்டிக் புட்டி, இரண்டு பலூன்கள், ஒரு ரப்பர் விரிப்பு ஆகியவற்றைக் கொண்டு நுரையீரல் மாதிரியும், தெர்மோகோலில் வண்ணம் தீட்டிய செல் மாதிரியும் செய்தேன். பல மாலைகள் அதற்கே சென்றன. மாணவர்கள் வியந்து பார்த்தார்கள். ஆனால் தேர்வில் பாதிப் பேர், ‘காற்று உள்ளே நுழைவதால் மார்பு விரிகிறது’ என்று எழுதியிருந்தார்கள். செல்லின் உறுப்புகள் அனைத்தையும் பெயர் சொல்லிக் காட்டியவர்களுக்கு அவற்றின் அளவைப் பற்றி எதுவும் தெரியவில்லை. காணொளியைக் காட்டினால் போதுமே என்று உடன் பணிபுரிவோர் கேட்கிறார்கள். வீட்டில் செய்யும் கருவிகளால் உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால் எவற்றைச் செய்யலாம்? சோதனை எதிர்பார்த்தபடி வராதபோது மாணவர்களிடம் என்ன சொல்வது?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

பயன் உண்டு. நீங்கள் செய்த நுரையீரல் மாதிரியே அதற்குப் போதுமான சான்று. ஆனால் அதை நீங்கள் மாணவர்களுக்குக் காட்டினீர்களே தவிர, அவர்கள் கையில் கொடுத்துக் கேள்வி கேட்க விடவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். எந்தக் கருவியைச் செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது பார்ப்பது ஒன்றைத்தான்: மாணவர் முன்கூட்டியே ஒரு விடையை எழுதிவைத்து, அது தவறாகிப்போவதைத் தம் கண்ணால் பார்ப்பதற்கு அதில் இடம் இருக்கிறதா? இடம் இருந்தால் அது எவ்வளவு அழகற்றதாக இருந்தாலும் செய்யத்தக்கது. இல்லையென்றால் எத்தனை மாலைகள் செலவழித்தாலும் அது மேசைமேல் இருக்கும் ஒரு படமே.

நுரையீரல் மாதிரியை எடுத்துக்கொள்வோம். பலூன்களின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது; புட்டியின் அடியில் கட்டிய ரப்பர் விரிப்பு உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையின்) இடத்தில் இருக்கிறது. அடுத்த முறை புட்டியின் பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு, அதை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். முதலில் வழக்கம்போல ரப்பர் விரிப்பைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும். பிறகு, துளையைத் திறந்துவிட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். ‘இன்னும் அதிகமாக உப்பும், காற்று போக இன்னொரு வழி கிடைத்துவிட்டதல்லவா’ என்று பலர் எழுதுவதை என் வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். நாடாவை எடுத்துவிட்டு இழுத்தால் பலூன்கள் தொங்கியபடியே இருக்கும். புட்டிக்குள் கன அளவு கூடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவை ஈடுகட்டவே வெளிக்காற்று நுழைகிறது. அது பலூன் வழியாக நுழைந்தால் பலூன் உப்பும், துளை வழியாக நுழைந்தால் உப்பாது என்ற தொடரை அந்தக் கணத்தில் மாணவர்களே சொல்லத் தொடங்குவார்கள். மார்புச்சுவரில் காயம் துளைத்துச் சென்றால் நுரையீரல் சுருங்கிவிடுவதன் காரணமும் இதுவே என்பதை அப்போது சொன்னால், அது தனித் தகவலாக நிற்காமல் அவர்கள் கண்டதன் தொடர்ச்சியாகிவிடும்.

காற்று நுழைவதால்தான் மார்பு விரிகிறது என்ற எண்ணத்தை அசைப்பதற்குக் கருவியே தேவையில்லை. மூச்சை வெளியே விட்டபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஓரிரு நொடிகள் மூச்சிழுக்க முயலச் சொல்லுங்கள் (ஆஸ்துமா முதலிய மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்). விலாவிடைத் தசைகளும் உதரவிதானமும் இழுப்பது நன்றாக உணரப்படும். காற்றோ துளியும் நுழையவில்லை. கையை எடுத்ததும் காற்று பாய்கிறது. தசை முதலில், காற்று பிறகு என்ற வரிசையை உடலே சொல்லிவிடுகிறது.

அதன் பின்னர் நான் மிகவும் விரும்பும் வேலை ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி எங்கெல்லாம் பொய் சொல்கிறது என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்வேன். புட்டியின் சுவர் அசைவதில்லை, ஆனால் நம் விலா எலும்புகள் மேலும் வெளியுமாக நகர்கின்றன. ஓய்வு நிலையில் உதரவிதானம் மேல்நோக்கிக் குவிந்த கூரைபோல இருந்து, சுருங்கும்போது தட்டையாகிறது; நம் ரப்பர் விரிப்போ தட்டையாக இருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. புட்டிக்குள் பலூனைச் சுற்றி ஏராளமான காற்று இருக்கிறது; மார்புக்கூட்டில் நுரையீரலுக்கும் சுவருக்கும் இடையே இருப்பது மெல்லிய நீர்மப் படலம் மட்டுமே. எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், பலூன் ஒரு வெற்றுப்பை என்பது. உண்மையான நுரையீரல் பல கோடிக் காற்று நுண்ணறைகளைக் கொண்ட பஞ்சு போன்ற உறுப்பு. அவற்றின் உட்பரப்பை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும் என்பதை அறியாத மாணவர், வளிமப் பரிமாற்றத்தைப் புரிந்துகொள்ள வழியே இல்லை. இந்தப் பட்டியலை எழுதியவர்கள் தேர்வில் உதரவிதானத்தைப் பற்றிப் பிழையாக எழுதுவது அரிது. மாதிரியின் குறைகளை மறைப்பதற்காக நாம் செலவிடும் உழைப்பை, அவற்றை வெளிக்கொண்டுவரச் செலவிட்டால் போதும்.

செல் மாதிரியைப் பொறுத்தவரை, தெர்மோகோலைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். அதில் எல்லா உறுப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில், கண்ணுக்கு வசதியாக, இடைவெளி விட்டு அமர்ந்திருக்கின்றன. அதற்குப் பதிலாகச் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டம் வரையச் சொல்லுங்கள். 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு விலங்குச் செல்லை 50,000 மடங்கு பெரிதாக்கினால் இந்த வட்டம் கிடைக்கும். இனி ஒவ்வோர் உறுப்பின் உண்மை அளவையும் கொடுத்து, பெருக்கிப் பார்த்து வரையச் சொல்ல வேண்டும். 6 மைக்ரோமீட்டர் உட்கரு 30 சென்டிமீட்டர் ஆகும். ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள மைட்டோகாண்ட்ரியன் 5 சென்டிமீட்டர் அகலம் பெறும். 25 நானோமீட்டர் ரைபோசோம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு கடுகைவிடச் சிறியது. செல்சவ்வு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. சுண்ணக்கட்டியால் அவ்வளவு மெல்லிய கோட்டை வரைய முடியாது என்று ஒரு மாணவி சொன்னபோது, வகுப்பு சற்று நேரம் அமைதியானது. அவ்வளவு மெல்லிய தடுப்புதான் உள்ளே எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது என்ற வியப்பு அந்த அமைதியில் இருந்தது.

உங்களிடம் உள்ள ஒற்றை நுண்ணோக்கியையும் இதனுடன் இணைக்கலாம். வெங்காயத்தின் உட்பக்கத் தோலை உரித்து அயோடின் இட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. பார்ப்பதற்கு முன்னால் ஒளி ஊடுருவும் அளவுகோலை மேடையில் வைத்து, பார்வைப் புலத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துவிட்டால், அதில் எத்தனை செல்கள் வரிசையாக அடங்குகின்றன என்று எண்ணி ஒரு செல்லின் நீளத்தைக் கணக்கிட முடியும். கண்ணருகுக் குழாயில் கைப்பேசியின் கேமராவைப் பொருத்திப் படமெடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணலாம்.

சவ்வூடு பரவலுக்கு, அதாவது செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் செல்சவ்வைக் கடந்து செல்வதற்கு, உருளைக்கிழங்கைவிட நல்ல பொருளை நான் அறியேன். ஒரே கிழங்கிலிருந்து தோல் நீக்கிய, சம அளவுள்ள துண்டுகளை வெட்டி எடைபோட்டு, வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் இட்டு மறுநாள் மீண்டும் எடைபோட வேண்டும். ஒரு மோலார் கரைசலுக்கு 342 கிராம் சர்க்கரையைக் கரைத்து ஒரு லிட்டராக்க வேண்டும்; அதிலிருந்து நீர் சேர்த்து 0.2, 0.4, 0.6, 0.8 என்று தயாரித்துக்கொள்ளலாம். வெறும் நீரில் இட்ட துண்டு கனமாகி விறைக்கும், அடர்ந்த கரைசலில் இட்டது துவளும் என்பதைக் கையால் தொட்டே உணரலாம். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி வரைபடம் வரைந்தால், கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடம் பெரும்பாலும் 0.2-க்கும் 0.4 மோலாருக்கும் இடையில் அமையும். கிழங்கின் செல்களுக்கும் வெளிக்கரைசலுக்கும் இடையே நீரின் போக்கும் வரவும் சமமாக இருக்கும் செறிவு அது. செல்லுக்குள் எட்டிப் பார்க்காமலே அதன் உள்ளிருப்பதைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டோம் என்பதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அது சிறிய செய்தி அன்று.

இதில் சிக்கல் எங்கே வருமென்றால் எடைபோடுவதில்தான். உங்கள் தராசு கிராமுக்குக் கீழே காட்டாது என்றால் பத்துத் துண்டுகளை ஒன்றாக எடைபோடுங்கள். ஈரத்தை ஒற்றி எடுப்பதில் ஒருவர் அழுத்தியும் இன்னொருவர் மேலோட்டமாகவும் செய்தால் எண்கள் தாறுமாறாகும். ஒவ்வொரு துண்டையும் ஒரே மாதிரி, ஒரே எண்ணிக்கையில் ஒற்ற வேண்டும் என்பதை வகுப்பே முடிவு செய்யட்டும்.

இந்த இடத்தில் உங்கள் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். ஒளிச்சேர்க்கைக்கு நான் பல ஆண்டுகளாகச் செய்வது இலைவட்டுச் சோதனை. மெல்லிய, மயிரற்ற இலையிலிருந்து சிறு வட்டுகளை வெட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் சமையல் சோடாவின் மிக நீர்த்த கரைசலுடன் (100 மில்லிலிட்டருக்கு 0.2 கிராம்) இட்டு, முனையை விரலால் அடைத்து உந்துதண்டை இழுத்தால், இலையின் இடைவெளிகளில் உள்ள காற்று வெளியேறும், விட்டவுடன் அங்கே கரைசல் புகுந்து வட்டுகள் மூழ்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு முறை என் வகுப்பில் ஒரு குழுவின் வட்டுகள் ஒன்றுகூட மிதக்கவில்லை. அவர்கள் பயன்படுத்தியது வெறும் நீர் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். மாறாக, என்ன வேறுபாடு என்று பக்கத்துக் குழுவைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சோடா கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது என்பதை அவர்கள் தாங்களாகவே வந்தடைந்தார்கள். அன்றிலிருந்து வெறும் நீர்க் குவளையை வேண்டுமென்றே ஒன்று வைக்கிறேன். மிதந்த வட்டுகளை இருட்டில் வைத்தால் சுவாசத்தில் ஆக்சிஜன் செலவாகி அவை மறுபடி மூழ்கும் என்பதையும் பார்க்கச் செய்யுங்கள். செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று நம்புவோர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், அந்தத் தவறான எண்ணத்தைப் பற்றிப் பேசவும் அதுவே தக்க நேரம். நீரில் இட்ட இலைகள் வெளிச்சத்தில் மட்டுமே வாயுக் குமிழிகளை வெளியிடுகின்றன என்று டச்சு அறிவியலாளர் இங்கன்ஹவுஸ் 1779-இல் எழுதியபோது அவரிடம் இருந்ததும் நீர், இலை, வெயில் ஆகியவைதாம்.

முடிவு ‘சரியாக’ வரவில்லை என்ற அச்சம் மரபியலில் இன்னும் கூடுதல். இரு நாணயங்களைச் சுண்டி, ஒவ்வொன்றையும் ஓர் இனச்செல்லாகக் கொண்டு சந்ததிகளை எழுதும் விளையாட்டில், 16 முறை சுண்டினால் ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும் 12-க்கு 4 வர வேண்டும் என்று எதிர்பார்த்துத் தம் தாளில் இருந்த 9, 7 என்ற எண்களை அழித்து மாற்றிய மாணவரைக் கண்டிருக்கிறேன். அவரைக் கண்டிக்கவில்லை, சரியான விடைக்கு மட்டுமே மதிப்பு என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம். எல்லாக் குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் கூட்டிக்கொண்டே போனால் விகிதம் மெல்ல மூன்றுக்கு ஒன்றை நெருங்கும். மெண்டல் 7,324 விதைகளை எண்ணி, 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை என்று பதிவு செய்ததற்கான தேவை அப்போது விளங்கும். 16 விதைகளோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்த விகிதத்தை யாரும் கண்டிருக்க முடியாது.

காணொளியைப் பற்றி: இதய வால்வு அசைவதையும் செல் பிரிவதையும் காட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் காணொளியில் உருளைக்கிழங்கு ஒருபோதும் தவறான எடை காட்டாது. உடன் பணிபுரிவோரிடம் இதைச் சொல்லலாம்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாவுச்சத்துச் சோதனைக்காக இலையின் பச்சையத்தை நீக்க ஆல்கஹாலைச் சூடாக்கும்போது சுடர் அருகில் இருக்கக் கூடாது. கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த நீரில் சோதனைக்குழாயை நிறுத்தினால் போதும். நுண்ணுயிர் வளர்ப்பதென்றால் உடலிலிருந்தோ கழிப்பறையிலிருந்தோ மாதிரி எடுக்காதீர்கள். உடல் வெப்பநிலையில் வைக்காதீர்கள், 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம். வளர்ப்புத் தட்டின் ஒட்டிய மூடியைத் திறக்காமலே பார்த்துவிட்டு, பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து அழித்துவிடுங்கள். குக்கர் அந்த வேலைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். இவற்றை உறுதிப்படுத்த முடியாத பள்ளியில் அந்தச் சோதனையை விட்டுவிடுவதே நல்லது. ரொட்டித் துண்டை ஒளி ஊடுருவும் பையில் மூடி, பூஞ்சை பரவுவதை வெளியிலிருந்து பார்ப்பது அவ்விடத்தை ஓரளவு நிரப்பும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் புட்டியில் துளையிடுவதிலிருந்து தொடங்குங்கள். மாணவர்கள் முன்கூட்டியே எழுதும் விடைத்தாள்களைத் திருத்தாமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள். பருவ இறுதியில் திருப்பிக் கொடுத்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். உருளைக்கிழங்குச் சோதனையின் எடைகளையும், கோடு பூச்சியத்தைக் கடந்த இடத்தையும் எனக்கு எழுதி அனுப்பினால், என் வகுப்பின் எண்களோடு சேர்த்துப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.