வேலையே கதி என்று கிடப்பவர்களுக்குக் காதல் எப்போது வரும்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரவில் நாவல் எழுதுகிறேன். நாயகி ஓசூரில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்ப்பவள். நாயகன் மாங்கூழ் ஆலையில் உற்பத்தி மேலாளர். இருவருக்கும் வேலைதான் உலகம். 17 அத்தியாயம் படித்த தோழி, "ரெண்டு பேரும் மெஷின் மாதிரி இருக்காங்கடி, லவ்வே இல்ல" என்கிறாள். நாலு நாள் ஏற்காட்டுக்கு அனுப்பிவிடலாமா? கடைசியில் அவள் தோட்டத்தை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்: ஏற்காடு வேண்டாம். அங்கே படகில் உட்கார்ந்திருக்கப் போவது யாரோ இரண்டு பேர்; உங்கள் ஆட்கள் இல்லை. வேலையை எடுத்துவிட்டால் இவர்களிடம் பேச என்ன மிஞ்சும்?

காலண்டரை எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி 14-க்கு ஊரெல்லாம் நீட்டப்போகும் சிவப்பு ரோஜாவுக்காக, அவள் டிசம்பர் வாக்கிலேயே செடியைக் கவாத்து செய்தாக வேண்டும். பனிக்காலத்தில் டவுனி நோய் வந்தால் இலை கொட்டிப்போகும். ஜனவரி கடைசியிலிருந்து வெட்டு, 20 பூவுக்கு ஒரு கட்டு, குளிரறை, பெங்களூர் விமான நிலையம் என்று ஓட்டம். காதலர் தினத்தன்று ஏற்றுமதியெல்லாம் முடிந்து அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். அவனுக்கோ ஜூன், ஜூலைதான் உயிர்போகும் மாதங்கள். பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கும். பழுத்தது யாருக்காகவும் காத்திருக்காது.

ஆக, ஒருவர் ஓயும்போது மற்றவர் ஓடுகிறார். நடுவில் 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. இதைவிட நல்ல காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்?

அவளுடைய பிப்ரவரியில் அவனுக்கு ஆலையில் பராமரிப்பு வேலை மட்டும்தான். வரட்டும். ரோஜாக்காரிக்கு ரோஜா வாங்கி வந்து அசடு வழிய ஒரு பத்தி கொடுங்கள், போதும். அப்புறம் கட்டுப் போட உட்காருகிறான். ஒரு கட்டில் 19 பூ வைத்துவிடுகிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி எண்ணுகிறாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. மாங்கூழின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரை அவனும் இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. "ஐ லவ் யூ"வை அந்த இடத்தில் வைத்தால் காட்சி கெட்டுவிடும், ஜாக்கிரதை.

சண்டையும் வேலையிலிருந்தே வரட்டும். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம், விலை சரிந்த வருடம். அவர் லாரி அவனுடைய ஆலை வாசலில் இரண்டு நாளாக வரிசையில் நிற்கிறது. அடியில் இருக்கும் பழம் கசியத் தொடங்கிவிட்டது. அவள் போன் செய்து கேட்க மாட்டாள். அவனும் லாரியின் நம்பரைப் பார்த்துவிட்டு, வரிசையை மாற்றாமல் உள்ளே போய்விடுகிறான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள், பேசுவார்களா? உங்கள் 18-வது அத்தியாயம் அதுதான்.

முடிவைப் பற்றி. "வினையே ஆடவர்க்கு உயிரே", அதாவது வேலைதான் ஆண்களுக்கு உயிர் என்று குறுந்தொகை 135-வது பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதினார். கையோடு, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அந்த ஆடவர்தான் உயிர் என்றும் சேர்த்தார். நம் காதல் கதைகளில் பாதி இன்னும் அந்தப் பாட்டைத் தாண்டவில்லை. அவன் போவான், அவள் காத்திருப்பாள். உங்கள் நாவலில் புதுசு என்னவென்றால், வீட்டில் காத்திருக்க ஆளே இல்லை. இருவருக்கும் வினை உண்டு. அதைப் போய்க் கடைசிப் பக்கத்தில் அண்ணன் கையில் கொடுக்கிறீர்களே! அதுவும், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் அந்த அண்ணனே தலைகாட்டுகிறார். கவாத்துக் கத்திரியை ஒருநாளாவது தொட்டிருப்பாரா? கல்யாணம் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். மார்ச்சில் வையுங்கள், இருவருக்கும் லீவு கிடைக்கும்.

முதலில் லாரிக் காட்சியை எழுதிவிடுங்கள். வரிசை எத்தனை மணி நேரம் நகராமல் நிற்கும், டிரைவர்கள் எங்கே சமைத்துச் சாப்பிடுவார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். எடை ரசீது உங்கள் மேசைக்குத்தானே வருகிறது.