46-ஆ, 48-ஆ?

கேள்வி: பள்ளி விநாடி வினாவுக்காக ஃபார்முலா 1 புள்ளிவிவரங்களை எக்செல்லில் தொகுத்து வருகிறேன். நரேன் கார்த்திகேயன் ஓட்டிய பந்தயங்கள் ஓரிடத்தில் 46, இன்னோரிடத்தில் 48 என்று இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரிதான். 48 என்பது அவர் பெயர் பதிவான பந்தயங்கள், 46 என்பது அவர் ஸ்டார்ட் எடுத்தவை. 2011, 2012 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவர் எடுத்த நேரத்தின் 107 சதவீதத்துக்குள் அவரால் வர முடியவில்லை. அதனால் பந்தயத்தில் இறங்கவில்லை. ‘ஓட்டியவை’ என்று கேட்டால் 46 சொல்லுங்கள்.

எக்செல்லில் பதிவுக்கும் ஸ்டார்ட்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். 1996 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் போல் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்த மைக்கேல் ஷூமாக்கரின் இன்ஜின், பந்தயம் தொடங்குமுன் ஓட்டும் ஃபார்மேஷன் லேப்பிலேயே புகைந்து போனது. போல் கணக்கில் உண்டு, ஸ்டார்ட் கணக்கில் இல்லை. 2005 இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர் பிரச்சினையால் 14 கார்கள் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் பிட்டுக்கு (கார்களைப் பராமரிக்கும் இடம்) திரும்பிவிட, ஓடியவை 6 மட்டுமே. கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் நான்காவதாக வந்து தன் ஒரே 5 புள்ளிகளை எடுத்தது அங்கேதான். ஆறு கார்தானே என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும், முடிவுப் பட்டியலில் அது நான்காம் இடம்தான்.

எந்த நெடுவரிசையிலும் அடங்காதவர் ஹான்ஸ் ஹேயர். 1977-ல் ஹாக்கன்ஹைமில் தகுதி பெறாமலே நைசாகப் பந்தயத்தில் நுழைந்தார், கியர் கோளாறால் பாதியில் நின்றார், அப்புறம் தகுதிநீக்கமும் ஆனார். எல்லாம் ஒரே பந்தயத்தில்! அவருக்குக் குறிப்பு எழுதத் தனி இடம் விடுங்கள்.

புள்ளிகளுக்குத் தசமம் கட்டாயம். 1954 சில்வர்ஸ்டோனில் நேரத்தை முழு வினாடியில்தான் குறித்தார்கள். வேகமான லேப்புக்கு ஒரே நேரம் ஏழு பேருக்கு வந்து, அதற்கான ஒரு புள்ளியை ஏழாகப் பங்கு போட்டார்கள். 1984-ல் மழையால் பாதியில் நின்ற மொனாக்கோவில் பாதிப் புள்ளிதான் தந்தார்கள். ஜெயித்த அலென் புரோஸ்டுக்குக் கிடைத்தது 4.5. ஆண்டு முடிவில் நிக்கி லாவ்டா 72, புரோஸ்ட் 71.5. எக்செல்லில் தசமத்தை மறைத்துவிட்டால் இரண்டும் 72 என்று தெரியும், சாம்பியன் யார் என்றே புரியாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஓட்டுநர்களின் வெற்றிகளைக் கூட்டினால் பந்தயங்களைவிட 3 கூடுதலாக வரும், பதற வேண்டாம். அந்தக் காலத்தில் பந்தயத்தின் நடுவில் ஓட்டுநர் இறங்கிக்கொள்ள, இன்னொருவர் அதே காரை ஓட்டலாம். 1951 பிரான்ஸில் ஃபாஞ்சியோவும் ஃபாஜியோலியும், 1956 அர்ஜென்டினாவில் ஃபாஞ்சியோவும் முசோவும், 1957 பிரிட்டனில் புரூக்ஸும் மாஸும் ஒரே காரில் ஜெயித்தார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு வெற்றி எழுதுவதே வழக்கம். கூடுதல் 3 வரவில்லை என்றால்தான் எங்கோ விட்டுவிட்டீர்கள்.