மாண்டோ டெஸ்ட்ல 12 மில்லிமீட்டர்னு வந்தா குழந்தைக்கு டிபி இருக்குன்னு அர்த்தமா?

4 வயசு பையன், மாண்டோல (டிபி, அதாவது காசநோய் கிருமி உள்ள போயிருக்கான்னு பாக்க கையில போடற ஊசி டெஸ்ட்) தடிப்பு 12 மிமீ, எக்ஸ்ரே நார்மல், கூடவே இருக்கற தாத்தாவுக்கு சளியில டிபி கிருமி, இப்ப பையனுக்கும் ஆறு மாசம் மாத்திரை எழுதிட்டாங்க, அப்ப நோய் வந்துடுச்சான்னு கேட்டிருக்கீங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு கிளினிக்ல நர்ஸ், இந்த ஊசி போடறதும் ரீடிங் பாக்கறதும் என் வேலை. அந்த 12 சொல்றது கிருமி உள்ள போயிருக்குங்கறத மட்டும்தாங்க. நோயா மாறியிருக்கான்னு அதுல தெரியாது, அதுக்குத்தான் எக்ஸ்ரே, எடை கொறையுதா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் காய்ச்சல் இருக்கா, கழுத்துல கட்டி இருக்கான்னு பாக்கறாங்க.

ஊசியில இருக்கறது உயிருள்ள கிருமி இல்ல, டிபி கிருமியோட புரதம். 0.1 மில்லி, முன்னங்கை உள்பக்கம் தோலுக்குள்ளயே போடணும், போட்டதும் கொசு கடிச்ச மாதிரி சின்னதா எழும்பணும், எழும்பலன்னா ஆழமா எறங்கிடுச்சு, வேற எடத்துல திரும்ப போடணும். கிருமிய ஏற்கனவே பாத்த வெள்ளை அணுக்கள் அந்த புரதத்த அடையாளம் கண்டு அங்க வந்து சேர நேரம் பிடிக்கும், அதான் 48ல இருந்து 72 மணி நேரம் கழிச்சு வரச் சொல்றோம். வியாழக்கிழமை போட்டா பல எடத்துல சனிக்கிழமை மட்டும்தான் பாக்க கெடைக்கும், ஞாயிறு லீவு, அந்த சனிக்கிழமைய விட்டா டெஸ்டே வீண். நெல்லிக்குப்பம், புவனகிரின்னு பஸ் ஏறி வர்றவங்ககிட்ட இத நான் ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுவேன்.

ரீடிங்ல செவப்ப அளக்கவே கூடாது. கைய தடவினா கெட்டியா தடிப்பு தட்டுப்படும், அத மட்டும் கைக்கு குறுக்கால அளக்கணும். செவப்பு 20 மிமீ இருந்தும் தடிப்பே இல்லாத குழந்தைங்க உண்டு, அது நெகட்டிவ்தான். வீட்ல போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி ரீடிங் கேக்கறாங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, தொடாம சொல்லவே முடியாது.

பொதுவா நம்ம ஊர்ல 10 மிமீயோ அதுக்கு மேலயோ இருந்தா பாசிட்டிவ், எச்ஐவி இருந்தா, இல்ல வீட்லயே டிபி நோயாளி இருந்தா 5 மிமீயே போதும். பொறந்தப்ப போட்ட பிசிஜியாலயும் (டிபி தடுப்பூசி) கொஞ்சம் தடிக்கும், ஆனா அது வயசு ஏற ஏற கொறைஞ்சிடும், தாத்தா மடியிலயே வளர்ற பையனோட 12 மிமீய பிசிஜி மேல போட்டு விட்டுட முடியாது. நெகட்டிவ்னாலும் முழுசா நிம்மதி கிடையாதுங்க, சத்து கொறைஞ்ச குழந்தை, தட்டம்மை வந்து தேறினது, கிருமி புகுந்து ரெண்டு மாசம்கூட ஆகாததுன்னா தடிப்பு வராமலும் போகும்.

இப்ப மாத்திரை. ஐசோநயசிட் ஒண்ணு மட்டும் ஆறு மாசம்னா அது தடுப்பு மருந்து, தூங்கற கிருமி நோயா எழும்பாம இருக்கறதுக்கு. நோய்க்குன்னா நாலு மருந்து வரைக்கும் சேத்து குடுப்பாங்க. சீட்ட டாக்டர்கிட்ட காட்டி எதுன்னு நேரா கேளுங்க, பக்கத்து வீட்ல பிரைமரி காம்ப்ளக்ஸ்னு (குழந்தைங்களுக்கு வர்ற டிபிய நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க) சொல்லி பயமுறுத்தினாலும் பாதியில நிறுத்திடாதீங்க. முடிச்சப்புறம் கிருமி போயிடுச்சான்னு பாக்க மறுபடி மாண்டோ போடச் சொல்லாதீங்க, அப்பவும் தடிக்கும், அதுக்கு மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல.