அடையாள அட்டை நாற்பதாம் பக்கத்தில் வரட்டும்

கேள்வி: காதலும் மர்மமும் கலந்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 230 பக்கம். 2008-இல் திருகோணமலையில் நடக்கிற கதை. மீன்வாடியில் கணக்கு எழுதும் ஒரு பெண், அவர்கள் வீட்டு அனெக்ஸில் வாடகைக்கு வரும் நில அளவையாளர், மார்கழியில் ஓர் இரவு வள்ளத்தில் போய்த் திரும்பி வராத அவளுடைய அண்ணன். வாசித்த நண்பிகள் எல்லோரும் “நல்லாயிருக்கு” என்கிறார்கள், ஆனால் ஒருத்தியும் எழுபது பக்கத்தைத் தாண்டவில்லை. முடிவில் இன்னொரு திருப்பம் வைத்து, ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்தால் ‘பெஸ்ட் செல்லர்’ ஆக்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வாசகரைக் கட்டிப்போடுவது எது? திருப்பம் வைக்கட்டுமா? — வாசகி, உப்புவெளி.

பதில்: வைக்க வேண்டாம். நல்ல திருப்பம் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது தவறான பக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய பிரதியில் 187-ஆம் பக்கம் மழை பெய்கிறது. அவன் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுக்கிறான். வீட்டு வாசலில் நின்று சாவி தேடுகிறவள் பழக்கதோஷத்தில் அந்தக் கோட்டுப் பையில் கையை விடுகிறாள். அண்ணனுடைய அடையாள அட்டை கையில் வருகிறது. அருமையான இடம். ஆனால் அதற்கு முந்திய 186 பக்கமும் வாசகர் எதற்காகப் பயப்பட வேண்டும்? நல்ல பையன் ஒருவன் நல்ல பிள்ளை ஒருத்தியோடு பழகுகிறான். அண்ணன் காணாமல் போனது வேறு அத்தியாயங்களில் வேறொரு கதையாக நடக்கிறது. ஒற்றைப்படை அத்தியாயம் காதல், இரட்டைப்படை அத்தியாயம் மர்மம் என்று தண்டவாளம்போலப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டிருக்கிறீர்கள். கடைசி வரைக்கும் இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. உங்கள் நண்பிகள் எழுபதில் நின்றதற்குக் காரணம் இதுதான். நடை நன்றாகவே இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்த அட்டையை நாற்பதாம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் என்ன ஆகிறது என்று பாருங்கள். 64-ஆம் பக்கத்தில் இருவரும் விறாந்தையில் தேத்தண்ணி குடிக்கிற காட்சி இருக்கிறதல்லவா? “சீனி போதுமா?” என்று அவன் கேட்கிறான், “போதும்” என்கிறாள். இப்போது அது இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்கிற காட்சி மட்டுமே. அட்டை முன்னால் வந்துவிட்டால் அதே வரிகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. கோப்பையை நீட்டுகிற அவன் கையை வாசகர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவளுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு இனிமையான காட்சியும் பயமான காட்சியாகவும் ஆகிவிடும். திடுக்கிட வைப்பது அரை நிமிடம். தெரிந்துகொண்டு காத்திருக்க வைப்பது நூற்றைம்பது பக்கம். ஏஜென்ட் உங்களிடம் விற்கப் பார்ப்பது அந்த அரை நிமிடத்தை.

ஆனால் முன்னால் கொண்டுவந்த உடனே ஒரு கேள்வி எழும்: அவள் ஏன் அவனிடமே நேரே கேட்கவில்லை? இதற்குப் பதில் இல்லாவிட்டால் வாசகர் எரிச்சலோடு புத்தகத்தை மூடிவிடுவார். நாணம், தயக்கம், சூழ்நிலை என்று பூசி மெழுகாதீர்கள். கேட்டால் அவன் அன்றிரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம், போனால் அண்ணனைத் தேட இருக்கிற ஒரே பிடியும் போச்சு. கேட்காமல் இருந்தால் அண்ணனுக்குத் துரோகம். அவன் உண்மையைச் சொல்லிவிட்டாலோ, அதைக் கேட்ட பிறகு அவனோடு வாழ முடியுமா என்பது அவளுக்கே தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகும். காதலிப்பதால்தான் கேட்க முடியவில்லை, கேட்க வேண்டியிருப்பதால்தான் நிம்மதியாகக் காதலிக்க முடியவில்லை. காதலும் மர்மமும் ஒரே முடிச்சாக விழ வேண்டியது இங்கேதான். வாசகரைக் கட்டிப்போடுவது எது என்று கேட்டீர்கள். இந்த முடிச்சுதான்.

பயமும் காதலும் உடம்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ என்ற ஆடுகிற தொங்குபாலத்தைக் கடந்துவந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண்ணை விட்டுக் கேள்விகள் கேட்கச் செய்து, அவளுடைய தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் சொன்னார்கள். உறுதியான, தாழ்வான பாலத்தில் வந்தவர்களைவிட ஆடுகிற பாலத்தில் வந்தவர்கள்தான் பிறகு அவளுக்கு அதிகம் அழைப்பு எடுத்தார்கள். பயத்தில் அடித்த நெஞ்சை அவர்கள் அவள்மேல் வந்த ஈர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதன் நுணுக்கம் உங்களுக்குத் தேவையில்லை. பயக் காட்சி முடிந்த சூட்டோடு காதல் காட்சி வரட்டும், நடுவில் இரண்டு அத்தியாயம் விடாதீர்கள். இது மட்டும் போதும்.

அதேபோல், “இதயம் படபடத்தது”, “உலகமே சுழன்றது” எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவள் படபடத்தால் வாசகர் சும்மா இருந்துவிடுவார். ஈரமான அந்த அட்டையை அவள் பாவாடையில் துடைத்து, அரிசி டின்னுக்குள் வைத்து மூடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி போதும். கதாநாயகனுக்கு ஒரு குறையாவது கொடுங்கள். முடிவில் இருவரும் சேருவார்கள் என்று காதல் நாவல் வாசிக்கிற எல்லோருக்கும் முதல் பக்கத்திலேயே தெரியும், அதை மறைக்க மெனக்கெட வேண்டாம். எப்படிச் சேருவார்கள், என்ன விலை கொடுத்து என்பதைத்தான் அவர்கள் பார்க்க வருகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கோணேஸ்வரர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நிற்கும் அந்தத் தூணோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண்ணின் கதை. காதலன் அவளை விட்டுக் கப்பலேறிப் போனபோது அவள் மலையிலிருந்து கடலில் குதித்தாள் என்பார்கள். அவள் குதிக்கவில்லை, பிறகு இன்னொருவரை மணந்து வாழ்ந்தாள் என்று சொல்வோரும் உண்டு. அது இருக்கட்டும். அவள் முகம் எப்படி, கூந்தல் எப்படி என்று கதை சொல்கிற யாரும் சொல்வதில்லை. காதலன் ஏறிய கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது, மலை விளிம்பில் அவள் நிற்கிறாள் என்பதைத்தான் சொல்கிறார்கள். கப்பல் மறைந்த பிறகு அவளை அங்கே நிறுத்தியிருந்தால் அது வெறும் சோகக் கதை. தெரிந்துகொண்டிருக்கும்போது நிறுத்தியதால்தான் கேட்கிறவருக்கு மூச்சு அடைக்கிறது.

சரி, ஊர் வர்ணனைக்கு வருவோம். உங்கள் அத்தியாயங்களில் பாதி கோணேஸ்வரத்து விடியலிலும் பிரட்றிக் கோட்டை மான்களிலும் தொடங்குகின்றன. எடுத்துவிடுங்கள். இது உங்கள் பிழை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றாலே சூரியன் உதிக்க வேண்டும், பறவை பாட வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள். ஒரு மனிதருக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பது எது என்று எழுத யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பரிசுப் போட்டி நடுவர்களும் அந்த வர்ணனைக்கே புள்ளி போடுகிறார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்களுக்கு மிக முக்கியம். ஊர் கதாபாத்திரங்களின் கையைக் கட்டுகிற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் அவனைப் பின்தொடர்ந்து கிண்ணியாவுக்குப் போகிறாள். அவன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கிறான், அவள் ஓட்டோவில் பின்னால். கதை நடப்பது 2008-இல். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன் ‘பாதை’தான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் படகு. இது வெறும் தகவல் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டுப் போகாதீர்கள், இது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பாலத்தில் பின்தொடர்வது சுலபம், தூரத்தில் நின்றுவிடலாம். பாதையில் அவனும் அவளும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். நடுத்தண்ணீரில் இறங்கி ஓட முடியாது. அவன் தலையைத் திருப்பினால் முடிந்தது. அந்தப் படகுப் பயணத்துக்கு நான்கு பக்கம் கொடுங்கள். தண்ணீரின் நிறம், இயந்திரச் சத்தம், பக்கத்தில் நிற்கிற மீன் கூடைக்காரி, எல்லாம் எழுதுங்கள். அப்போது ஒன்றும் வர்ணனையாகத் தெரியாது.

இன்னொன்று: மார்கழி. வாடைக் காலத்தில் உங்கள் பக்கத்துக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று நிலாவெளியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட இரவில் தொழில் தெரிந்த ஒருவன் ஏன் வள்ளத்தை இறக்கினான்? நீங்கள் இதை ஒரு வரியில் கடந்து போகிறீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அது சாதாரணம். கோயம்புத்தூரிலோ ரொறன்ரோவிலோ இருந்து வாசிப்பவருக்கு அது தெரியாது. வாடிக்கார முதலாளி வாயாலோ அம்மா வாயாலோ ஒருமுறை சொல்ல வையுங்கள்: “இந்தக் கடலுக்கு அவன் போயிருக்க மாட்டான்.” அடையாள அட்டையும் அப்படித்தான். போர்க்காலச் சோதனைச் சாவடிகள் நிறைந்த 2008-இல் அட்டை இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போகவே யோசித்தோம். அண்ணன் அதைக் கையோடு கொண்டுபோகவில்லை, அது இன்னொருவன் பையில் இருக்கிறது என்பதன் பயங்கரம் நம்மவர்களுக்கு உடனே உறைக்கும், மற்றவர்களுக்கு உறைக்காது. சாவடியில் அவளையே அட்டையோடு ஒருமுறை நிறுத்தி எழுதினால் அவர்களுக்கும் விளங்கும். அதுவும் நாற்பதாம் பக்கத்துக்கு முன்னால் வர வேண்டும்.

இனி அந்த ஏஜென்ட். அவருடைய பட்டியலை எனக்கு அனுப்பியது நல்லது. ஐஎஸ்பிஎன் எடுக்க ஒரு தொகை, பதிப்புரிமை ‘பதிவு’ செய்ய ஒரு தொகை, வெளியீட்டு விழாவுக்கு ஒரு தொகை, சினிமாக்காரருக்கு அறிமுகம் செய்ய ஒரு தொகை. ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான 13 இலக்க எண். இலங்கையில் அதைக் கொடுப்பது கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. சொந்தமாகப் பதிப்பிக்கிறவர் தானே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. பதிப்புரிமைக்குப் பதிவே கிடையாது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலிருந்து அது உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டு உங்கள் வாரிசுகளுடையது. இல்லாத பதிவுக்குக் காசு கேட்கிறவரிடம் மற்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆதாரம் வேண்டுமென்றால் முழுப் பிரதியையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பித் திகதியோடு வைத்திருங்கள்.

அவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் ஆறாவது வரி “சகல உரிமைகளும் நிரந்தரமாக” என்கிறது. அதில் கையெழுத்திட்டால் மொழிபெயர்ப்பு, தொடர் நாடகம், ஒலிப்புத்தகம் எல்லாம் அவருடையவை. நீங்கள் காசும் கொடுத்து, நாவலையும் கொடுக்கிறீர்கள். எழுத்தாளரிடமிருந்து காசு போகிற எந்த ஏற்பாட்டிலும், அந்த ஆளுக்கு உங்கள் புத்தகம் விற்க வேண்டிய தேவையே இல்லை. அவருடைய இலாபம் உங்கள் கையெழுத்தோடு முடிந்துவிட்டது. ஆயிரம் பிரதிகளும் உங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணமே நம்முடைய ஏற்பாடுதான். அச்சகம் நடத்துகிறவர்தான் இங்கே பெரும்பாலும் பதிப்பாளர். அச்சிடுவதற்கு முன்னால் ஒரு பிரதியை முழுதாக வாசித்து, ‘இந்த அட்டையை முன்னால் கொண்டுவா’ என்று சொல்ல ஆளில்லை. அதற்குச் சம்பளம் கொடுக்கவும் யாரும் தயாரில்லை. ஆனால் நான்கு அணிந்துரை வாங்குகிறோம், மண்டபம் பிடிக்கிறோம், மூன்று மணிநேரம் பேசுகிறோம், முதற்பிரதியைப் பொன்னாடையோடு வாங்குகிறவர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. இளம் எழுத்தாளர் ஒருவருக்குத் தேவையானது ஒரு நல்ல வாசிப்பு. அதைக் கொடுக்காமல் மாலையைக் கொடுத்து அனுப்புகிறோம். இது மாறும் வரைக்கும் ஒன்றரை இலட்சக்காரர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

திருகோணமலைக் கதை விலை போகாது, களத்தைச் சென்னைக்கு மாற்றுங்கள் என்றும் அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேசப்படும் ‘மோகனாங்கி’யை 1895-இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை உங்கள் ஊர்க்காரர். அவர் சென்னையில் இருந்து, நாயக்கர் காலத்தைப் படித்து எழுதினார். நீங்கள் உப்புவெளியில் இருந்துகொண்டு, மீன்வாடிக் கணக்குக் கொப்பியில் எந்தக் கட்டத்தில் ஐஸ் செலவு எழுதுவார்கள் என்று தெரிந்து எழுதுகிறீர்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முழு நாவலையும் இப்போதே திருத்த உட்கார வேண்டாம். முதல் நாற்பது பக்கத்தையும் கிண்ணியாப் பாதைக் காட்சியையும் மட்டும் மாற்றி எழுதுங்கள். நண்பிகளுக்குக் கொடுக்க வேண்டாம், அவர்கள் உங்கள் மனம் நோகக்கூடாது என்று பார்ப்பார்கள். உங்களைத் தெரியாத ஒருவரிடம் நாற்பது பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இருங்கள். மிச்சத்தை அவரே கேட்டு வருகிறாரா என்று பாருங்கள். ஏஜென்டுக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துவைத்துவிட்டு, எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம்.