கிரெடிட் கெட்டுப்போச்சு, ஃப்ரீசர் வாங்கணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன், வயது 46. எட்டு வருஷமாக வீட்டிலேயே முறுக்கு, சமோசா, மாங்காய் ஊறுகாய் செய்து வெள்ளி, சனியில் பங்களாதேஷ் மார்க்கெட்டில் விற்கிறேன். 2021 ஜூலை கலவரத்தில் வீட்டுக்காரர் வேலை பார்த்த கிடங்கு எரிந்து வேலை போய்விட்டது. அப்போது ஒரு துணிக்கடை அக்கவுண்டில் 4,800 ராண்ட் கட்டாமல் நின்றது. ஒரு ஃபர்னிச்சர் கடை கோர்ட்டுக்குப் போய் 2022-ல் என்மேல் தீர்ப்பே வாங்கிவிட்டது, பாக்கி 9,000. தீபாவளி ஆர்டருக்கு ஒரு பெரிய ஃப்ரீசரும் கேஸ் அடுப்பும் வாங்க 60,000 ராண்ட் வேண்டும். பேங்க் முடியாது என்று மெசேஜ் அனுப்பிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒருவர், 2,500 முன்பணம் கட்டினால் கிரெடிட், அதாவது பழைய கடன் கட்டிய வரலாறு, பார்க்காமல் 80,000 தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தங்கச்சி. இதை வாசித்து முடிப்பதற்குள் அவர் திரும்பவும் மெசேஜ் போட்டாலும் கட்டாதீர்கள். கடன் தருகிறவர் தன் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துத்தான் வாங்குவார், பணம் கைக்கு வருமுன் உங்களிடம் 2,500 கேட்கிறவரிடம் 80,000 கிடையாது. முறையான நிறுவனம் என்றால் என்சிஆர்சிபி (NCRCP) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி, கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கும் நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் சரிபாருங்கள். பக்கத்துத் தெரு மஷோனிசாவிடமும், அதாவது கந்துவட்டிக்காரரிடமும், போக வேண்டாம். நூற்றுக்கு முப்பது, ஐம்பது என்று வட்டி போட்டு உங்கள் பேங்க் கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிக் கார்டைப் பிடித்து வைப்பதே சட்டப்படி குற்றம். 8,000 ராண்டுக்குள் ஆறு மாதக் கைமாற்றுக்கு, பதிவு பெற்றவரே முதல் கடனுக்கு மாதம் 5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். பேங்க் ஏன் மறுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் காரணம் சொல்லியே ஆக வேண்டும், எந்த கிரெடிட் பியூரோவின் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) அறிக்கையைப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து. அப்புறம் ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் என்ற இரண்டு பியூரோவிலும் உங்கள் அறிக்கையை எடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பேனாவால் கோடு போட்டுப் படியுங்கள். என்னிடம் அறிக்கையோடு வந்தவர்களில் பலருக்கு, கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்றே நின்றது. தப்பாக ஒன்று இருந்தால் புகார் கொடுங்கள், இருபது வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

உங்கள் இரண்டு கடனும் ஒரே ஜாதி இல்லை, இதைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். துணிக்கடைக் கடனுக்குக் கடைசியாகப் பணம் கட்டி மூன்று வருஷம் தாண்டி, நடுவில் சம்மனும் வராமல், கடனை ஒப்புக்கொண்டு நீங்களும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் அது காலாவதி ஆகியிருக்கும். காலாவதியான கடனை விற்கவும் வசூலிக்கவும் இப்போது சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்த மூன்று வருஷம் முடியாத நிலையில் வசூல்காரர் போன் செய்யும்போது "மாசம் 200 கட்டிடுறேன்" என்று வாய்தவறிச் சொன்னால் கணக்கு முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். அதனால் தேதியைப் பார்க்காமல் போனில் எதற்கும் தலையாட்டாதீர்கள். வாங்கிய கடனைக் கட்டாமல் விடுவதா என்று மனசு உறுத்தும், எனக்கும் உறுத்தும். பிற்பாடு கையில் காசு வரும்போது கட்டலாம், இன்று உங்கள் கைக்காசு போக வேண்டியது அங்கே இல்லை.

போக வேண்டியது ஃபர்னிச்சர் கடைத் தீர்ப்புக்கு. தீர்ப்பான கடன் முப்பது வருஷம் உயிரோடு இருக்கும், பியூரோ அறிக்கையில் ஐந்து வருஷம் நிற்கும். ஆனால் முழுசாக அடைத்துவிட்டால் ஏழு நாளுக்குள் அவர்கள் பியூரோவுக்குத் தெரிவிக்க வேண்டும், பியூரோ அடுத்த ஏழு நாளில் அதை எடுத்துவிட வேண்டும். 2014-லிருந்து இருக்கும் விதி இது. 9,000-ஐ ஒரே தடவையில் கட்டினால் குறைப்பார்களா என்று பேசிப் பாருங்கள், கட்டியதும் முழுதும் அடைந்தது என்ற கடிதத்தை வாங்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். காசு வாங்கிக்கொண்டு "பெயரைச் சுத்தம் செய்கிறோம்" என்கிறவர்கள் செய்வது இதைத்தான், நீங்களே செய்யலாம். இன்னொன்று, டெப்ட் ரிவ்யூவில், அதாவது கடன்களை மறுசீரமைத்துக் கட்டும் சட்டத் திட்டத்தில், சேரச் சொல்லி யாராவது அழைத்தால் யோசியுங்கள், அதிலிருந்து வெளிவரும்வரை புதுக் கடனே வாங்க முடியாது.

60,000 எங்கே என்கிறீர்களா? ஒரே இடத்தில் 60,000 தேடுவதை முதலில் விடுங்கள். சாப்பாட்டுக்கடை மூடுகிறவர்கள் ஃப்ரீசரையும் அடுப்பையும் ஏலத்தில் விடுகிறார்கள், பழையது பாதி விலைக்குள் கிடைக்கலாம், கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். தீபாவளி ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்னாடியே வாங்குங்கள். எட்டு வருஷம் உங்கள் முறுக்கைச் சாப்பிட்டவர்கள் தரமாட்டார்களா என்ன! எண்ணெயும் மாவும் வாங்கும் மொத்தக் கடையில் முப்பது நாள் தவணை கேளுங்கள், எட்டு வருஷம் ரொக்கமாக வாங்கிய உங்களைக் கடைக்காரருக்குத் தெரியும். அப்புறம் சீட்டு. பத்துப் பேர் மாதம் 1,000 போட்டால் உங்கள் முறைக்கு 10,000, இங்குள்ளவர்கள் கூடிப் பணம் சேர்க்கும் ஸ்டோக்வெல்லும் இதேதான், யாரும் பியூரோவைப் பார்க்க மாட்டார்கள்.

மார்க்கெட்டில் காசை மட்டும்தான் வாங்குகிறீர்களா? ஒரு கார்டு மெஷின் வாங்கி வையுங்கள். சில மாதம் ஓடினால், உங்கள் பழைய கடனைவிட அந்த விற்பனையைப் பெரிதாகப் பார்த்து முன்பணம் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. தினசரி விற்பனையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். விலை கொஞ்சம் ஜாஸ்தி, ஆகவே "மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும்" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிறுதொழிலுக்கு உதவும் அரசாங்க நிறுவனமான செட்ஃபா, அதாவது 2024 அக்டோபரில் செஃபா, செடா உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து உருவானது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள், ஆனால் தீபாவளிக்குள் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். மகளோ மகனோ 18-லிருந்து 35-க்குள் இருந்து உண்மையாகவே இந்தத் தொழிலை ஏற்று நடத்துவதானால், இளைஞர்களுக்கான அரசு நிறுவனமான என்ஒய்டிஏ திருப்பித்தர வேண்டாத மானியமாக 2,00,000 ராண்ட் வரை தருகிறது. பெயருக்கு மட்டும் பிள்ளையை முன்னால் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: அண்ணன் மகன் கார் வாஷ் வைக்கக் கடன் கேட்கிறான். அவன் கிரெடிட் சரியில்லை என்று என்னைப் பிணை போடச் சொல்கிறார்கள். போடலாமா அக்கா? (மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: ஒருமுறை என் மச்சானுக்காக நான் போட்டேன். "கூட்டு முதல் கடனாளி" என்று பத்திரத்தில் இருந்ததைப் படிக்கவே இல்லை. அவர் கட்டாத மூன்றாவது மாதம் பழுப்புக் கவர் நேராக என் வீட்டுக்கு வந்தது, அவரை முதலில் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையே இல்லாமல் போயிருந்தது. நாலு வருஷம் கட்டினேன் தம்பி. நீங்கள் ஒப்பந்தம் எழுதாமல் சட்டப்படி கல்யாணம் பதிந்தவர் என்றால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. மனைவி எழுத்தில் சம்மதம் தராமல் பிணை போட முடியாது, ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். போட்டே ஆக வேண்டுமானால் "இத்தனை ராண்ட் வரை மட்டும்" என்று தொகையை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், பையனுக்கு உங்களால் இழக்க முடிந்த தொகையைக் கையில் கொடுத்து ஒரு பிரஷர் வாஷரும் இரண்டு பக்கெட்டும் வாங்கி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.